குண்டூசியால் கீறிய முகம்

களம்பூரில் இறங்க வேண்டுமென்றால் 'ஆரணி ரோடு' என்று டிக்கெட் வாங்க வேண்டும். ரயில் நிலையத்தின் பெயர் அது. முதல் தடவை வருகிறவர்கள் இறங்கி நின்று, "ஆரணி எங்கேங்க?" என்று கேட்பார்கள். ஆரணி இன்னும் தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் அரிசி ஆலை, இன்னொரு பக்கம் பட்டுத் தறி என்று பிழைக்கிற வட்டாரம்.

அங்கே எங்கள் உறவினர் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ உண்டு. கல்யாணமான புதுசில் எடுத்தது. நாற்காலியில் தாத்தா. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி. பக்கத்தில் நின்றபடி பாட்டி. புடவையின் ஜரிகைக் கரை படத்தில் விழ வேண்டும் என்பதற்காக முந்தானையை முன்னால் இழுத்து விரித்துவிட்டிருக்கிறார்கள். பின்னால் துணியில் வரைந்த மாடிப்படி, தூண், பூந்தொட்டி. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மாடி வீடு கடைசிவரை வாய்க்கவில்லை. அந்த ஒரு நிமிடம் மட்டும் மாளிகைவாசிகள்!

பாட்டி இறந்தபோதுதான் பிரச்னை வந்தது. பதினாறாம் நாளுக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும். தேடிப் பார்த்தால், பாட்டி தனியாக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. 'போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்' என்று ஒதுங்கி ஒதுங்கியே எண்பது வயதைத் தாண்டியவர் அவர். இருந்தது இந்த ஒரே படம். அதிலும் பாட்டியின் முகத்தில் பூஞ்சை பிடித்து, ஒரு கண்ணும் கன்னமும் போயிருந்தது.

சட்டத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தோம். அட்டையின் பின்னால் ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டுடியோவின் பெயர், பேனாவில் எழுதிய ஒரு நம்பர். அந்தக் காலத்தில் நெகட்டிவ்வைக் கஸ்டமரிடம் கொடுக்க மாட்டார்கள். ஸ்டுடியோவிலேயே காகித உறையில் போட்டு, நம்பர் எழுதி அடுக்கி வைப்பார்கள். பிறகு எப்போது நம்பரைச் சொல்லிக் கேட்டாலும் பிரதி போட்டுத் தருவார்கள். அப்படியென்றால், பாட்டியின் முழு முகம் எங்கேயோ ஒரு உறைக்குள் பத்திரமாக இருக்க வேண்டுமே!

விசாரித்துக்கொண்டு போனேன். ஸ்டுடியோ இருந்த இடத்தில் ஜெராக்ஸ், மொபைல் ரீசார்ஜ் கடை. போட்டோகிராபரின் பேரன்தான் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நெகட்டிவ்வா? அதெல்லாம் அப்பா காலத்துலயே எடைக்குப் போட்டாச்சு சார். மூட்டை மூட்டையா இருந்திச்சு. அதுல வெள்ளி இருக்குன்னு ஒருத்தர் வந்து எடுத்துக்கிட்டுப் போனாரு. வெச்சுக்கிட்டு என்னா சார் பண்றது... எடத்த அடைக்குது."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாடகைக் கடை. யார் வீட்டுப் பாட்டிக்காகவோ அவர் ஏன் மூட்டை சுமக்க வேண்டும்?

ஆனால் அந்த 'வெள்ளி' என்ற வார்த்தை மனதில் தங்கிவிட்டது. கறுப்பு வெள்ளை பிலிமில் படத்தை உண்டாக்குவதே வெள்ளிதான். வெளிச்சம் பட்ட இடத்தில் வெள்ளித் துகள் கறுத்துப் படியும். அந்தக் கறுப்பின் ஏற்ற இறக்கம்தான் நெகட்டிவ்வில் நாம் பார்க்கிற உருவம். பழைய நெகட்டிவ்களை மொத்தமாக வாங்கி எரித்தோ ரசாயனத்தில் கரைத்தோ அந்த வெள்ளியை மீட்டெடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. பட்டு நெய்கிற ஊர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. 'பழைய பட்டுப்புடவை வாங்குறதே...' என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர் புடவையைப் பார்க்க மாட்டார், ஜரிகையைத்தான் பார்ப்பார். புடவை எரியும், வெள்ளி மிஞ்சும். பாட்டி கட்டியிருந்த புடவைக்கும், அதைக் கட்டிக்கொண்டு நின்ற பாட்டியின் உருவத்துக்கும் கடைசியில் ஒரே கதி.

போனது ஒரு குடும்பத்தின் படம் மட்டும்தானா? யோசித்துப் பாருங்கள். நம் ஊர்களில் சாதாரண ஜனங்களின் முகத்தை யார் பதிவு செய்து வைத்தார்கள்?

சர்க்கார் செய்ததா? 1856-ல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக நியமித்தார்கள். மதுரை, தஞ்சாவூர் என்று போய் அவர் எடுத்த படங்கள் அற்புதமானவை. கோபுரம் இருக்கும், தூண் இருக்கும், தெப்பக்குளம் இருக்கும். மனிதர்களைத்தான் தேட வேண்டும்.

மனிதர்களையும் எடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. 1868-லிருந்து 1875 வரை 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்று 8 தொகுதிகளை ஆங்கிலேய அரசு வெளியிட்டது. ஆனால் அதில் இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் கிடையாது. 'இன்ன ஜாதி, இன்ன இனம், குணம் இப்படி' என்று மாதிரிச் சரக்கைப் போலக் குறிப்பு எழுதியிருப்பார்கள். பிடித்து நிறுத்தி எடுத்த படங்கள்.

'நான் இப்படித்தான் தெரிய வேண்டும்' என்று தானே முடிவு செய்து, தலைவாரி, பவுடர் பூசி, காசு கொடுத்து, சாதாரண மனிதன் கேமராவுக்கு முன்னால் வந்து நின்ற இடம் ஒன்றே ஒன்றுதான். கடைத்தெரு ஸ்டுடியோ. அதை நடத்தியவர்களுக்குச் சரித்திரம் எழுதும் எண்ணமெல்லாம் இல்லை. இன்றைக்கு நாலு பாஸ்போர்ட் சைஸ், ஒரு குரூப் போட்டோ வந்தால் அடுப்பு எரியும். அவ்வளவுதான். ஆனால் பின்னால் ரீபிரின்ட் கேட்டு வந்தால் காசு கிடைக்குமே என்று நெகட்டிவ்வை அடுக்கி வைத்தார்கள் பாருங்கள்... அந்தச் சின்ன வியாபாரக் கணக்கால்தான் ஒரு ஊரின் மொத்த முகமும் அலமாரியில் சேர்ந்தது.

அப்படிச் சேர்ந்ததை எடைக்குப் போடாமல் வைத்திருந்த ஒருவர் உண்டு. அவர் இருந்தது நம் ஊரில் இல்லை, லெபனானில். கதை கொஞ்சம் கனமானது. ஆனால் நம் வீட்டுச் சுவர்ப் படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

லெபனானின் தலைநகர் பெய்ரூட்டுக்குத் தெற்கே 40 கிலோமீட்டர் வாக்கில், மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு துறைமுக நகரம். பெயர் சைடா. பைபிளில் 'சீதோன்' என்று வருமே, அதேதான். பினீசிய வணிகர்கள் கப்பல் ஓட்டிய காலத்திலிருந்து அது துறைமுகம். சிலுவைப் போர் வீரர்கள் 13-ம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை ஒன்று இன்னும் கடலுக்குள் நிற்கிறது.

அந்த ஊரில் 1928-ல் பிறந்தவர் ஹாஷிம் அல் மதனி. வேலை தேடி 1947-ல் பாலஸ்தீனத்தின் ஹைஃபாவுக்குப் போனார். அங்கே ஒரு யூத போட்டோகிராபரிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றார். அடுத்த வருஷமே போர். இஸ்ரேல் உருவானது. சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் அகதிகளானார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சைடாவுக்கு வந்தார்கள். ஊரை ஒட்டி 1948-ல் உருவான 'அய்ன் அல் ஹில்வே' என்ற முகாம் இன்றும் இருக்கிறது.

மதனியும் 1948-ல் சொந்த ஊருக்குத் திரும்பினார். கடை போடப் பணம் ஏது? மலிவான கேமரா ஒன்றை வாங்கினார். பெற்றோர் வீட்டுக் கூடமே ஸ்டுடியோ ஆனது. அது போதவில்லை என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு பழைய பஜாருக்குப் போவார். தையற்காரர், கடைக்காரர் என்று ஒவ்வொருவரையும் அவரவர் கடையில் வைத்தே எடுத்தார். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் 1953-ல், சினிமா தியேட்டர் இருந்த ஷெஹரஸாத் கட்டடத்தின் மாடியில் ஸ்டுடியோ திறந்தார். ஸ்டுடியோவுக்கும் அதே பெயர். 'ஆயிரத்தொரு இரவுக'ளில் விடிய விடியக் கதை சொல்வாளே, அந்தப் பெண்ணின் பெயர்.

கீழே தியேட்டர், மேலே ஸ்டுடியோ. விளைவு என்ன ஆகும்? நமக்குத் தெரியாததா! எம்.ஜி.ஆர். மாதிரி, ஜெமினி மாதிரி என்று நம் ஊர் ஸ்டுடியோக்களில் போஸ் கொடுக்காத இளவட்டம் உண்டா? அங்கேயும் அதே கூத்துதான். ரேடியோவைப் பிடித்துக்கொண்டு ஒருவர், கோடாக் கம்பெனி விளம்பரத்துக்காக அனுப்பிய அட்டைப் பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டு ஒருவர். சினிமாவில் வருகிற முத்தக் காட்சி மாதிரி எடுத்துக்கொள்ளவும் ஆசை. ஆனால் ஆணும் பெண்ணும் அப்படி கேமரா முன்னால் நிற்க அந்தச் சமூகம் விடாது. அதனால் இரண்டு ஆண் நண்பர்கள் முத்தம் கொடுப்பது போல நின்றார்கள். இரண்டு தோழிகள் நின்றார்கள். கல்யாண ஜோடி போலக்கூட நடித்தார்கள். வீட்டில், தெருவில் செய்ய முடியாததை அந்த நாலு சுவருக்குள் செய்து பார்த்தார்கள்.

நம் பெண்களுக்கும் ஸ்டுடியோ அப்படித்தான் இருந்தது. பூத்தைத்த சடையோடு நிறுத்தி, பின்னால் கண்ணாடி வைத்து, முகமும் சடையும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார்கள். வீட்டை விட்டு வெளியே வராத பெண்ணுக்கு அந்த ஒரு நாள் அலங்காரமும் ஸ்டுடியோ வெளிச்சமும் ஆயுள் முழுக்கப் பேச்சு.

1960-களின் கடைசியில் சைடாவின் காற்று மாறியது. பாலஸ்தீனப் போராளிகள் துப்பாக்கியோடு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். 1975-ல் அந்த ஊர் மீனவர்கள், தங்கள் கடலில் பெரிய கம்பெனி ஒன்று புகுவதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அதில் சுடப்பட்ட உள்ளூர்த் தலைவர் மாரூஃப் சாத் இறந்துபோனார். லெபனானின் 15 வருட உள்நாட்டுப் போருக்கு முன்னோட்டமாக அதைச் சொல்வார்கள். 1982-ல் இஸ்ரேல் ராணுவம் சைடாவைப் பிடித்தது. 1985 வரை போகவில்லை. இத்தனைக்கும் நடுவே மதனி தன் நெகட்டிவ் பெட்டிகளைக் காப்பாற்றி வைத்திருந்தார். 'இந்த ஊரில் 90 சதவிகிதம் பேரை நான் எடுத்திருக்கிறேன்' என்பது அவர் அடிக்கடி சொன்ன பெருமை.

அந்தப் பெட்டிகளுக்குள் கீறல் விழுந்த நெகட்டிவ்கள் சில இருந்தன. நான் சொல்ல வந்தது இவற்றைப் பற்றித்தான்.

1957-ல் ஒரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டாள். கணவனுக்குத் தெரியாமல். அவன் சந்தேகக்காரன், அவளைத் தனியாக வெளியே அனுப்பாதவன். எப்படியோ விஷயம் தெரிந்து கொதித்துப்போய் ஸ்டுடியோவுக்கு வந்தான். 'நெகட்டிவ்வைக் கொடு' என்றான். மதனி மறுத்துவிட்டார்.

ஏன் மறுத்தார்? அவர் பயன்படுத்தியது 35 மி.மீ. பிலிம் ரோல். பழைய கண்ணாடித் தகடு என்றால் ஒரு தகட்டுக்கு ஒரு படம், எடுத்துக் கொடுத்துவிடலாம். ரோலில் அப்படி இல்லை. இவள் முகத்துக்கு முன்னால் வேறு யாரோ, பின்னால் வேறு யாரோ. ஒருத்தியின் படத்தைக் கொடுப்பதென்றால் மற்றவர்களின் படமும் சேர்ந்து போகும்.

வாக்குவாதம் ஒரு சமரசத்தில் முடிந்தது. மதனி ஒரு குண்டூசியை எடுத்தார். அந்தப் பெண்ணின் உருவத்தின் மேல், அவள் கணவனின் கண் முன்னாலேயே, கோடு கோடாகக் கீறினார். அவன் திருப்தியோடு போனான்.

வருடங்கள் ஓடின. கொடுமை தாங்காமல் அந்தப் பெண் தீ வைத்துக்கொண்டு இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு அதே கணவன் மறுபடியும் ஸ்டுடியோ படியேறி வந்தான். அந்தக் கீறிய படங்களைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டான். தனக்குத் தெரியாமல் அவள் வேறு ஏதாவது படம் எடுத்துக்கொண்டிருந்தாலும் கொடுங்கள் என்று கேட்டான்.

இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அவன்மேல் வந்த கோபத்தோடு, வேறொரு கேள்வியும் வந்தது. மதனி செய்தது சரியா? கொடுக்க மாட்டேன் என்று சொன்ன வரைக்கும் சரி. ஊசியை எடுத்தது? அவளை அவர் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. காசு கொடுத்து, பயத்தை மீறி வந்து நின்றவள் அவள். முடிவு செய்தது இரண்டு ஆண்கள். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அந்த நெகட்டிவ்வை அவர் எரித்துவிடவில்லை. அதனால்தான் அப்படி ஒருத்தி இருந்தாள், ஒரு நாள் தனக்காக வந்து நின்றாள், அவளுக்கு இப்படி நடந்தது என்பது உலகத்துக்குத் தெரிகிறது. கீறலும் ஒரு சாட்சியம்தான்.

இதை வெளியே கொண்டுவந்தவர் அக்ரம் ஜாத்தரி. அதே சைடாவில் 1966-ல் பிறந்த கலைஞர். அரபு உலகின் பழைய போட்டோக்களைச் சேகரித்துக் காப்பாற்ற, 1997-ல் பெய்ரூட்டில் 'அரபு இமேஜ் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். மதனியின் பெட்டிகளைத் திறந்து வருடக்கணக்காக உட்கார்ந்தார். 'இவர் யார், எப்போது வந்தார், ஏன் இப்படி நின்றார்' என்று ஒவ்வொரு படமாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்படிக் கேட்டிருக்காவிட்டால் அந்த நெகட்டிவ் வெறும் கீறல் விழுந்த பிலிம் துண்டு. 2017-ல் மதனி காலமானார். அவர் எடுத்த படங்கள் இன்று லண்டனின் டேட் அருங்காட்சியகத் தொகுப்பு வரை போய்விட்டன. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிவிபத்தில் அந்த அமைப்பின் அலுவலகமும் சேதமடைந்தது. காப்பாற்றுகிற வேலைக்கு முடிவே கிடையாது போலிருக்கிறது.

'அங்கே செய்தார்கள், இங்கே யாருமே செய்யவில்லை' என்று புலம்பிவிட்டுப் போக முடியாது. இங்கேயும் நடந்திருக்கிறது. நம் பக்கத்துத் துறைமுக ஊரான புதுச்சேரியில், 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே மானிடவியல் ஆய்வாளர் ஸோயி ஹெட்லியும் அவருடைய குழுவினரும் 2010-களில் ஒரு வேலையில் இறங்கினார்கள். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்கள் 1880-லிருந்து 1980 வரை எடுத்த படங்களைத் தேடிப் பிடித்து ஸ்கேன் செய்வது. அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைக் காப்பாற்ற பிரிட்டிஷ் நூலகம் நடத்துகிற திட்டம் இதற்கு நிதி கொடுத்தது. சினிமா நட்சத்திரமோ தலைவரோ இல்லை, நம்மைப் போன்றவர்கள். கல்யாண ஜோடி, மொட்டையடித்த குழந்தை, பூத்தைத்த சடை.

ஆனால் ஒன்று. ஸ்கேன் செய்தால் முகம் மிஞ்சும். பெயர்? அது அந்தந்த வீட்டில் இருக்கிறவர்கள் சொன்னால்தான் உண்டு. பெயர் இல்லாத முகம், 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' புத்தகத்தில் வந்தவர்களைப் போல, மறுபடியும் 'தென்னிந்தியப் பெண், பட்டுப்புடவையில்' என்று ஆகிவிடும்.

பாட்டி கதைக்கு வருகிறேன். பதினாறாம் நாளுக்குள் படம் வேண்டுமே! கம்ப்யூட்டரில் சரி செய்து தருகிற பையன் ஒருவனிடம் கொடுத்தோம். கெட்டுப்போகாத கண்ணைப் பிரதியெடுத்து, திருப்பிப் போட்டு, மறு கண் ஆக்கினான். கன்னத்தைத் தடவி வழவழப்பாக்கினான். பின்னால் நீல நிறம். பளபளவென்று ஃபிரேம் போட்டு வந்தது. மாலை போட்டோம், பொட்டு வைத்தோம்.

பெரிய அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்:

"அம்மா மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு. அவங்களுக்கு எடது கண்ணு சித்த சின்னதா இருக்கும்டா. அதக் காணோம்."

பழைய படத்தை நாங்கள் தூக்கிப் போடவில்லை. பூஞ்சையோடு அதே சுவரில், அதே ஆணியில் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அதைக் கழற்றி, அட்டையின் பின்னால் பென்சிலால் தாத்தா பெயரையும் பாட்டி பெயரையும் எழுதினேன். அத்தையைக் கேட்டு, பாட்டி பிறந்த ஊரையும் எழுதினேன். கல்யாண வருஷம் அத்தைக்குத் தெரியவில்லை. சின்னத் தாத்தாவுக்குத் தெரியுமாம். அவருக்குத் தொண்ணூறு ஆகப்போகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு படம் இருக்கும். திருப்பிப் பாருங்கள். பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா?